பாலாவுக்கு ஐந்து முறை இருபத்தொரு வயது

பாலாவுக்கு முதல் தடவை இருபத்தொரு வயது ஆனபோது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. கோலாலம்பூருக்கு வெகு வடக்கே, கோலா கெத்தில் என்ற ஊரில் ஒரு சின்ன மண்டபம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டு மணி. பேனரில் அவன் படம், பக்கத்தில் வெள்ளி நிறத்தில் பெரிதாக 21. அடுத்த ஒன்றரை ஆண்டில் அவனுக்கு இன்னும் நான்கு தடவை இருபத்தொன்று ஆனது. ஐந்தாவது தடவை மாட்டிக்கொண்டோம்.

நம் ஆட்கள் கூடி ஆட ஓர் ஆட்டம் நடத்த வேண்டும், எப்படி நடத்துவது என்று இப்போது சின்னப் பிள்ளைகள் போன் செய்து கேட்கிறார்கள். நம் ஆட்கள் என்றால் ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், இன்னும் தங்களுக்கே பெயர் தெரியாத சிலர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். நான் பள்ளியில் படிவம் இரண்டோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

1. ஸ்பீக்கருக்குப் பின்னால் ஆடுகிறவர்கள்

கரங்கான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தேன். பதினாறு வயதில், அப்பா என்னைப் பார்க்கும் விதம் பிடிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்பினேன். அவருக்கும் அது வசதியாகவே இருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன், கைத்தோல் உரிந்தது. லாரியில் அட்டெண்டண்டாக ஜொகூர் வரை போனேன். இறால் குளத்தில் காவல் இருந்தேன். கடைசியில் கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த டான்ஸ் கிளப்பில் ஸ்பீக்கர் தூக்கும் வேலை கிடைத்தது. லிப்ட் கிடையாது. மூன்று மாடி.

அங்கேதான் ஓர் ஆண் இன்னோர் ஆணோடு ஆடுவதையும், அதற்காக யாரும் யார் தலையிலும் பாட்டிலை உடைக்காததையும் முதன்முதலாகப் பார்த்தேன். மூன்று வருடம் தூக்கினேன். முதுகு போனது, தொழில் வந்தது. இரண்டு ஸ்பீக்கர், ஒரு மிக்சர், ஒரு பழைய வேனோடு சுங்கை பட்டாணிக்குத் திரும்பினேன். கல்யாணம், நிச்சயதார்த்தம், கோயில் திருவிழா, பள்ளி விளையாட்டுப் போட்டி என்று எல்லாவற்றுக்கும் பிஏ சிஸ்டம், அதாவது ஒலிபெருக்கி, போட்டேன். சவுண்டு மணி என்றால் தெரியும் என்கிற அளவுக்குப் பேர் கிடைத்தது.

பிஏ போடுகிறவன் மேடையைப் பார்க்க மாட்டான். கூட்டத்தைத்தான் பார்ப்பான். எந்தக் கல்யாணத்திலும் குத்துப்பாட்டு போட்டவுடன் நடுவில் மாமாக்கள் இறங்குவார்கள், முன்னால் பிள்ளைகள். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால், வயரும் தூசியும் கிடக்கிற இடத்தில், இரண்டு பேரோ மூன்று பேரோ தனியாக ஆடிக்கொண்டிருப்பார்கள். அங்கே யாரும் வர மாட்டார்கள், யாரும் பார்க்கவும் மாட்டார்கள். சில வருடங்களில் அந்த முகங்கள் எனக்குப் பழகிவிட்டன. பாலாவை அப்படித்தான் பிடித்தேன். தொழிற்சாலையில் சூப்பர்வைசர், நல்ல சட்டை போடுவான், அப்போதே தலையில் முடி குறைவு.

ஜோதியை மண்டபத்துக்குள் பார்க்கவில்லை. அவள் வேலிக்கு வெளியே, என் வேன் பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். உயரமான திருநங்கை. செம்பனைக் கன்று நர்சரியில் வேலை பார்ப்பவள். நகத்தில் மண்ணும் அதன் மேல் சிவப்புச் சாயமும் இருந்தன.

"ஏன் இங்க நின்னு ஆடுற? உள்ள போலாம்ல" என்றேன்.

"கல்யாணம் என் சொந்தத் தம்பிக்குண்ணே. கார்டு வரல. பாட்டு மட்டும் வந்துச்சு."

அவள் ஆட்டத்தை நிறுத்தாமல்தான் அதைச் சொன்னாள். அன்றைக்கு இரவு வயரைச் சுருட்டும்போது முடிவு செய்தேன்: எல்லாரும் ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஒரு ஆட்டம் வைக்க வேண்டும்.

2. மண்டப பாரத்தில் என்ன எழுதுவது

மண்டபம் வாடகைக்கு எடுக்கப் பாரம், அதாவது விண்ணப்பப் படிவம், நிரப்ப வேண்டும். 'நிகழ்ச்சி' என்று ஒரு கோடு இருக்கும். அதில் உள்ளதை உள்ளபடி எழுதினால் மண்டபம் கிடைக்காது. எழுதினவனே வீட்டுக்குப் போய்ச் சேர்வானா என்பதும் சந்தேகம்.

நானும் பாலாவும் ஜோதியும் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து யோசித்தோம். கல்யாணம் என்று எழுதினால் மாப்பிள்ளை, பெண் வேண்டும்.

"மாப்பிள்ளைக்கு மாப்பிள்ளைய நிப்பாட்டிரலாம்" என்றான் பாலா.

"காது குத்து?" என்றாள் ஜோதி.

"கொழந்த?" என்றேன்.

"அட ஆமால்ல."

கடைசியில் இருபத்தொன்றாம் பிறந்தநாள் என்று முடிவானது. நம் ஊரில் அதைக் கல்யாணம் மாதிரிச் செய்வார்கள், உங்களுக்குத் தெரியும். கேக், டீஜே, பலூன் வளைவு, பிறகு அந்தப் பெரிய வெள்ளிச் சாவி. பாலிஸ்டிரீனில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டியது, ஓர் ஆள் கை நீளம். அப்பா அம்மா மேடையில் ஏறி அதைப் பிள்ளை கையில் கொடுப்பார்கள். நீ பெரிய ஆளாகிவிட்டாய், இனி வீட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம் என்று அர்த்தம். எங்களுக்கு அப்போது அந்த அர்த்தமெல்லாம் கண்ணில் படவில்லை. இளைஞர் கூட்டமும் சத்தமான பாட்டும் இருந்தால் யாரும் கேள்வி கேட்காத நிகழ்ச்சி என்பதுதான் பட்டது.

பேனர் அடிக்கப் போனேன். கடைப் பெண் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். "பேரு? போட்டோ? அப்பா அம்மா பேரு கீழ போடணுமா? ராசி சின்னம் வேணுமா அண்ணே?" பாலா தன் பத்தொன்பது வயதுப் படம் ஒன்றைக் கொடுத்திருந்தான். அதில் அவனுக்கு ஒரு காடு மாதிரி முடி. அதைப் போட்டு அடித்தாயிற்று. வெளியே வரும்போது எனக்கு முதுகெல்லாம் வியர்வை. இந்தக் கேள்விகளுக்கு இன்னொரு தடவை பதில் சொல்ல என்னால் முடியாது என்று தோன்றியது. பேனரைச் சுருட்டி வேனிலேயே வைத்துக்கொண்டேன். பெரிய தப்பு அதுதான்.

3. இரவு தயாரிப்பது

ஏன் மதியம் என்று கேட்பீர்கள். இரவு ஆட்டம் கோலாலம்பூருக்குச் சரி. இங்கே ராத்திரி பஸ் கிடையாது, பாதிப் பேருக்கு நைட் ஷிப்ட், மீதிப் பேர் வீட்டில் 'எங்க போற' என்ற கேள்வி. ஞாயிறு மதியம் பிறந்தநாள் விருந்துக்குப் போகிறேன் என்றால் அம்மாவே சட்டையை அயர்ன் போட்டுக் கொடுப்பார்.

ஆனால் வெளிச்சத்தில் நம் ஆட்கள் ஆட மாட்டார்கள். முதல் தடவை பாட்டுப் போட்டால் முப்பது பேரும் நான்கு சுவரோடு ஒட்டி நின்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலி கூடக் கொஞ்சம் நகர்ந்திருக்கும், இவர்கள் நகரவில்லை. அதனால் இரண்டாவது தடவைக்கு ஜோதி நர்சரியிலிருந்து கன்று நடும் கறுப்புப் பாலிபேக்குகளைக் கொண்டு வந்தாள். கிழிந்தது, கழித்துப் போட்டது. விரித்து, டேப் போட்டு எல்லாச் சன்னலையும் அடைத்தோம்.

பாலிபேக்கில் தண்ணீர் வடிய வரிசை வரிசையாக ஓட்டை இருக்கும். அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அடைத்து முடித்துக் கதவைச் சாத்தினோம். வெயில் அந்த ஓட்டைகள் வழியே வந்து தரை முழுக்கப் புள்ளி புள்ளியாக விழுந்தது. "அண்ணே, லைட்டு வாடகைக்கு எடுத்தீங்களா?" என்று ஒருவன் கேட்டான். வெயில் சாயச் சாயப் புள்ளிகளும் நகரும். நான்கு மணிக்கு எல்லார் சட்டையிலும் ஏறிவிடும். அதற்குப் பிறகு எத்தனையோ லைட் வாங்கினேன், அந்த மாதிரி ஒன்று கிடைக்கவில்லை.

வெக்கைதான் தாங்காது. சன்னல் அடைத்த மண்டபத்தில் நாற்பது பேர் ஆடினால் கேக்கில் க்ரீம் நிற்காது. கடைசியாக நாங்கள் எடுத்த சிடாம் கிரி மண்டபத்தில் சுவரில் நான்கு பெரிய விசிறிகள் இருந்தன. ஆனால் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு. சாவி, மண்டபத்தை நடத்தும் ஊர்ச் சங்கத்தின் தலைவரிடம். கேட்டால் கொடுப்பார், கூடவே தலைவரும் வருவார். அதனால் யாரும் கேட்கவில்லை. வெந்துகொண்டே ஆடினோம்.

4. நெய்ச்சோறும் நலம் விசாரிப்பும்

எல்லா ஆட்டத்துக்கும் சாப்பாடு காதர் நானா. சுங்கை பட்டாணியில் கேட்டரிங் செய்பவர். சட்டியை இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்க்காமல் போய்விடுவார். மூன்றாவது தடவை, கரங்கானில், சட்டியை இறக்கும்போது பேனரைச் சற்று நேரம் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது."

"கேளுங்க நானா."

"இந்தப் புள்ளைக்கு நான் மூணாவது தடவ நெய்ச்சோறு போடுறேன். வயசே ஏற மாட்டேங்குது. என்னா சாப்பிடுறான்?"

நான் சட்டி மூடியைத் தூக்கி உள்ளே பார்த்தேன்.

"சும்மா கேட்டேன் லா" என்று சொல்லி அகப்பையை என் கையில் கொடுத்தார். "கோழி கொஞ்சம் கூட வச்சிருக்கேன். ஆடுற புள்ளைங்களுக்குப் பசிக்கும்."

அவர் சொன்னதை அன்றைக்கே காதில் வாங்கியிருக்க வேண்டும்.

அதே கரங்கானில்தான் பேனரைப் பார்த்துவிட்டு பக்கத்து வீட்டு அத்தை ஒருவர் பரிசோடு வந்தார். ஆறு கண்ணாடி டம்ளர், வண்ணத்தாள் சுற்றியது. வெளியே பேனர் கட்டினால் ஊரை அழைத்த மாதிரி என்பது அவர் கணக்கு. வாசலில் நிற்கும் தேவி, "கேக் வெட்டியாச்சுங்க அத்த, எல்லாம் முடிஞ்சிருச்சு" என்று சொல்லிப் பார்த்தாள். "பரவால்ல, நான் சக்கர வியாதிக்காரி, கேக்கு வேணாம்" என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார். அரைமணி நேரம் நாற்பது பேரும் குடும்பமாக நடித்தோம். தேவியும் அவளுடைய காதலி மகேசும் ஐந்தடி தள்ளி நின்று அக்கா தங்கச்சி ஆனார்கள். பிறகு அத்தைக்கே கால் துறுதுறுவென்று வந்து, ஜோதியோடு ஒரு பாட்டுக்கு ஆடினார். போகும்போது பாலாவின் தலையைத் தடவி, "பொறந்தநாளு புள்ள, நல்லா இருய்யா. படிக்கிற வயசுல ஏன் இப்பிடி முடி கொட்டுது? எண்ணெ வையி" என்றார்.

பாலா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

5. ஐந்தாவது இருபத்தொன்று

அதற்குள் கோலா கெத்தில் மண்டபம் டியூஷன் சென்டர் ஆகிவிட்டது. கரங்கான் மண்டபத்தில் கூரை ஒழுகி மூடிவிட்டார்கள். சிடாம் கிரி ஒன்றுதான் மிச்சம். அங்கே ஏற்கெனவே ஒரு தடவை நடத்தியாயிற்று, அன்றைக்குத் தலைவர் ஊரில் இல்லை. இதுவும் போனால் ஆட்டம் போயிற்று, அவரவர் அவரவர் வேலிக்கு வெளியே என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் மிகவும் கவனமாக இருந்தோம். கதவில் தேவி. சத்தம் அளவு. கார்கள் தள்ளி நிறுத்தியாயிற்று.

தலைவரிடம் பின்கதவுச் சாவி இருக்கிறது என்பது மட்டும் எங்கள் திட்டத்தில் இல்லை.

மூன்றரை மணி இருக்கும். என் மிக்சருக்குப் பக்கத்தில் இருந்த பின்கதவு திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது. அந்த வெயிலில் பாத்திக் சட்டை, சட்டைப்பையில் கண்ணாடிக்கூடு, கையில் மடித்த பொன்னாடையோடு தலைவர் நின்றார். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் ஒரு நிகழ்ச்சி நடந்து தன்னைக் கூப்பிடாமல் போனால், அழைப்பிதழ் தொலைந்துபோயிருக்கும் என்று நினைத்துத் தானாகவே வந்துவிடும் பெருந்தன்மை உள்ளவர்.

நான் பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினேன். அதை யாரும் செய்யாதீர்கள். பாட்டு ஓடினால் ஆடுகிறவர்கள் வெறுமனே ஆடுகிறவர்கள். பாட்டு நின்றதும் நாற்பது பேரும் எப்படி இருந்தார்களோ அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன் கை இன்னொருவன் இடுப்பில். வாசல் கதவோரம் தேவியின் தலை மகேசின் தோளில். நடுவில் ஜோதி, வெள்ளி நிறக் கவுன், ஒரு கை மேலே.

"என்னா தம்பி, கரண்டு போச்சா?"

"இல்ல தலைவரே."

"பின்ன ஏன் இவ்ளோ இருட்டு?"

"சர்ப்ரைஸ் தலைவரே."

"யாருக்கு?"

அந்த நிமிடத்தில் எங்களுக்குத்தான்.

தலைவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மேடையில் தொங்கிய பேனர் முன்னால் போய் நின்றார். கீழிருந்து மேல் வரை படித்தார்.

"இந்தப் பையன எனக்குத் தெரியுமே. நாலு மாசம் முன்ன தைப்பிங்ல இருந்து வந்து எறங்குறேன், வாசக் கம்பியில தொங்குனான். இதே சட்ட. இதே இருபத்தொண்ணு. எங்க ஆளு?"

பாலா அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தான். அடுக்கு உயரம் போதவில்லை. மேலே அவன் மொட்டைத் தலை மட்டும் பளபளத்தது.

"அது யாரு?"

"பையனோட மாமா" என்று கூட்டத்தில் எவனோ சொன்னான்.

பாலா எழுந்து நின்று கும்பிட்டான். "மாமாதாங்க."

"மாமா, பையன் எங்க?"

பாலா பேனரைப் பார்த்தான். அந்த முடியைப் பார்த்தான். "அவன் போயி ரொம்ப நாளாச்சுங்க" என்றான். அது உண்மைதான்.

தலைவர் என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். இவ்வளவு கோபத்திலும் அதை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார், ஹலோ சொன்னார். பிறகு, "பாரத்துல பொய் எழுதினா மண்டபம் குடுக்கக் கூடாது. அது சங்கத்துச் சட்டம். நானே எழுதினது. சாமானக் கட்டுங்க" என்றார்.

 நம் ஆட்களுக்கு வெளியே போகச் சொன்னால் எப்படிப் போவது என்று நன்றாகத் தெரியும், சின்ன வயதிலிருந்து பழக்கம். இரண்டு பேர் பையைத் தேடினார்கள். ஜோதி குனிந்து ஒரு செருப்பைக் கழற்றினாள். வேன் பக்கத்தில் அன்றைக்குப் பார்த்த அதே முகம்.

என்னிடம் இன்னொரு மைக் இருந்தது. எந்தப் பிஏக்காரனிடமும் இருக்கும்.

"பேனரு பொய்தான் தலைவரே" என்றேன். "பொறந்தநாளு பொய் இல்ல."

"யாருக்குப் பொறந்தநாளு?"

நான் யோசித்துச் சொல்லவில்லை. கண்ணில் பட்டவள் ஜோதி. "ஜோதிக்கு. இருபத்தொண்ணு."

தலைவர் ஜோதியைப் பார்த்தார். ஒரு காலில் செருப்பு, ஒரு கையில் செருப்பு. "இருபத்தொண்ணா?"

"நாப்பத்தாறு தலைவரே" என்றாள் ஜோதி. அவளுக்குப் பொய் வராது.

"அவளுக்கு இருபத்தொண்ணு ஆனப்ப அவ வீட்ல இல்ல" என்றேன். "பதினாறுலயே போகச் சொல்லிட்டாங்க. இங்க முக்காவாசிப் பேருக்கு அதான் கத. எனக்கும் அதான். யாரும் கேக்கு வெட்டல, யாரும் சாவி குடுக்கல. இன்னிக்குக் குடுக்கலாம்னு இருந்தோம்."

அப்படியெல்லாம் நாங்கள் இருக்கவில்லை. ஆனால் சொல்லி முடித்தபோது அது எப்போதோ முடிவு செய்தது மாதிரி எனக்கே தோன்றியது.

 மிக்சர் மட்டும் இரைந்தது. தலைவர் சட்டைப்பையிலிருந்து மடித்த மண்டப பாரத்தை எடுத்தார், பேனா எடுத்தார். கேக் மேசையில் பாரத்தை விரித்தார்.

"தாமதமா நடத்தக் கூடாதுன்னு சட்டத்துல இல்ல" என்றார். "பாரம் சரியா இருக்கணும். பேரு?"

"ஜோதி."

"பேருக்குப் பின்னால மகன், மகள் ரெண்டும் அச்சடிச்சிருக்கு. எத அடிக்கிறது?"

பேனா காத்திருந்தது.  "மகன அடிச்சிருங்க தலைவரே."

கேக் அட்டையின் ஓரத்தை வைத்து நேர்கோடாக அடித்தார். கிராணி வேலை பார்த்த கை.

"அப்பா பேரு?"

"வேணாம் தலைவரே."

"காலியா விட முடியாதும்மா."

"என் பேரப் போடுங்க" என்றேன்.

தலைவர் என்னையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பாரத்தில் மண்டபம் எடுத்த என் வயது ஐம்பத்தொன்று என்று இருந்தது, அவளைவிட ஐந்து வயது கூட. "அஞ்சு வயசுல பெத்தியா?"

சிரிப்பு வெடித்தது. முதலில் சிரித்தவள் ஜோதி. "பாதுகாவலர்னு போடுங்க தலைவரே" என்றேன். போட்டார். என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு முறையான நிகழ்ச்சி எப்படி நடக்குமோ அப்படி நடந்தது. தலைவர் உரை இருபத்தைந்து நிமிடம். கல்வி, சேமிப்பு, சர்க்கரை வியாதி, மோட்டார் சைக்கிளில் ஹெல்மெட். பிறந்தநாள் காணும் செல்வி ஜோதி பெரியோர் சொல் கேட்டு நடக்க வேண்டும் என்றார். அவளைவிடப் பெரியோர் அங்கே நானும் அவரும்தான் இருந்தோம். கொண்டுவந்த பொன்னாடையை அவள் தோளில் போர்த்தினார். பிறகு பாலிஸ்டிரீன் சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஐந்து ஆட்டத்திலும் அது பலூனோடு ஓரமாகக் கிடந்ததே தவிர யாரும் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஜோதி வாங்கிக்கொண்டாள். மைக் பக்கம் குனிந்து கேட்டாள்:

"தலைவரே, இது எந்த வீட்டுச் சாவி?"

விளையாட்டாகக் கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தலைவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பாரத்தை எடுத்து, விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டு போனார்.

"பாதுகாவலரக் கேளும்மா" என்றார்.

நாற்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டைப் போட்டேன்.

தலைவர் கிளம்பும்போது கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன் தம்பி, பேன் போட மாட்டீங்களா?" என்றார்.

"பெட்டி பூட்டியிருக்கு தலைவரே."

"கேட்டா குடுத்திருப்பேன்ல?"

அவரே திறந்து நான்கு விசிறியையும் ஒரே தட்டில் போட்டுவிட்டார். காற்று வந்த வேகத்தில் சன்னலில் ஒட்டிய பாலிபேக் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு பறந்தது. நாங்கள் தயாரித்த இரவு மொத்தமும் தலையில் வந்து விழுந்தது. நான்கு பேர் கத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தார்கள். வெளியே யார் நின்று பார்க்கிறார்கள் என்று திரும்பினேன். ஒரு மாடு நின்றது. வாயை அசைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தது, போய்விட்டது. ஜோதி முழு வெளிச்சத்தில் பொன்னாடையோடு ஆடிக்கொண்டிருந்தாள். மற்றவர்களும் எழுந்தார்கள்.

6. எந்த வீட்டுச் சாவி

எனக்கு வீடு என்று ஒன்று கிடையாது. சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடி அறை. ஸ்பீக்கர், வயர், மடக்கு மேசை, நடுவில் ஒரு மெத்தை, ஓர் அடுப்பு. ஜோதி கேட்ட கேள்வி நான்கு நாள் தூங்க விடவில்லை. ஐந்தாம் நாள் சந்தைப் பக்கம் சாவி வெட்டும் கடையில் அறைச் சாவிக்கு ஒரு நகல் வெட்டி, நர்சரிக்குப் போய் அவளிடம் கொடுத்தேன்.

"இந்த வீடு. ரொம்ப நல்ல வீடு இல்ல" என்றேன்.

அவள் சாவியை மண் கையோடு வாங்கிச் சுடிதார்த் துப்பட்டா நுனியில் முடிந்துகொண்டாள்.  இரண்டு வாரம் கழித்து ஒரு விடுமுறை நாளில் நான் அறைக்குத் திரும்பினால் கதவு திறந்திருந்தது. ஜோதி மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு.

அதிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவருக்கு உண்மையாகவே இருபத்தொன்று. பாரத்தில் அவரவர் சொந்தப் பெயர், எந்த வயதானாலும். பாலிஸ்டிரீன் சாவியைத் தலைவர் கொடுப்பார், அது அடுத்த தடவைக்குத் திரும்பி வர வேண்டும். கூடவே நான் ஒரு சின்னச் சாவி கொடுப்பேன், அது திரும்பி வர வேண்டாம். பேனரும் ஒவ்வொரு தடவையும் புதிது. பேனர் கடைப் பெண் ராசி சின்னம் வேண்டுமா என்று இன்னும் கேட்கிறாள். இப்போது வியர்ப்பதில்லை.

பாலாவுக்குத்தான் வருத்தம். "அஞ்சு தடவ ஆயும் எனக்கு யாரும் சாவி குடுக்கல" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். சாவி கொடுத்தோம். இருபத்தொன்று மறுபடியும் வேண்டாம் என்றுவிட்டான். அவன் பேனரில் இப்போதைய மொட்டைத் தலைப் படமும் 22 என்ற எண்ணும் இருந்தன. காதர் நானா அதைப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ், ஏறிருச்சு" என்றார்.

பாடம் கேட்கிறவர்களுக்கு: ஒரு பேனரை இரண்டாவது தடவை தொங்கவிடாதீர்கள். யார் வந்தாலும் பாட்டை நிறுத்தாதீர்கள். ஊர்த் தலைவரை முதலிலேயே கூப்பிட்டுவிடுங்கள். எல்லாத் தலைவரும் எங்கள் தலைவர் மாதிரி இருப்பார் என்று சொல்ல மாட்டேன், முதலில் அவர் எப்படிப்பட்டவர் என்று விசாரியுங்கள். பத்து நிமிடம் பேசுகிறேன் என்பார், இருபத்தைந்து ஆகும். ஆனால் பேன் சாவி அவரிடம் இருக்கிறது.

போன வாரமும் சந்தைக்குப் போனேன். சாவி வெட்டுகிறவர் என்னைப் பார்த்தவுடன் கையை நீட்டினார், என்ன சாவி என்று கேட்கவில்லை. மிஷினில் மாட்டிக்கொண்டே, "அண்ணே, எத்தன கதவு வச்சிருக்கீங்க?" என்றார்.

"ஒண்ணுதான்."

"ஒத்தக் கதவுக்கா இத்தன சாவி? அதுக்குப் பேசாம தெறந்தே போட்டுரலாமே லா. பூட்டு எதுக்கு?"

"பூட்டு இல்லாட்டி வர்றவங்க எதத் தெறப்பாங்க?" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சாவியின் ஓரத்தை அரத்தால் தேய்த்து, ஊதிக் கொடுத்தார். இன்னும் சூடாக இருந்தது.